பிரேக் அக்காவின் பூங்குருவி

வண்டி குலுங்கி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பேக்கரிக்கார அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. எதையோ இடித்துத் தொலைத்துவிட்டோம் என்று முன்னால் பார்க்கிறார், பின்னால் பார்க்கிறார். தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. பக்கத்து இருக்கையில் இருக்கும் பிரேக் அக்காவோ, மிதித்த காலை எடுக்காமலே ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி, யார் வீட்டு மாடியிலோ இருக்கும் தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். "உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லைம்மா. மேல ஒரு வல்லூறு உக்காந்திருக்கு. நீங்க நியூட்ரலுக்கு வந்து நிம்மதியா மூச்சு விடுங்க" என்கிறார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மிதிப்பதற்காக வைத்தது. அக்கா அதை மனிதர்களுக்காக மிதித்ததைவிடப் பறவைகளுக்காக மிதித்ததுதான் அதிகம். அதனால் வந்த பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வராது; பயிற்சிப் பள்ளியின் பலகையில் அதையே எழுதிவிடலாமா என்றுகூட ஒரு தடவை யோசித்தார். அவரிடம் படித்தவர்களை ஊரில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். ஹாரன் அடிக்க மாட்டார்கள், மரத்தைக் கண்டால் வேகத்தைக் குறைப்பார்கள். உரிமத் தேர்வில் ஒருவர் நட்டநடு ரோட்டில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். ஏன் நிறுத்தினீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு, "மீன்கொத்தி சார்" என்று பதில் வந்ததாம். தேர்வில் தேறவில்லை. அக்கா அவருக்கு அடுத்த மாதம் முழுக்க இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு, கட்டை விரலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி, நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்த கறுப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி கண்ணுக்கு இறங்கி யாரும் பார்த்ததில்லை. குரல் மட்டும் வண்டிக்குள் அடங்காது. கிளட்சை விடுவதைப் பற்றி அவர் விளக்கினால் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களும் கற்றுக்கொள்வார்கள். 'இருக்கலாம்', 'போல இருக்கிறது' என்ற பேச்செல்லாம் அவர் அகராதியில் இல்லை. "நான் பார்த்தேன்னா பார்த்தேன்" என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

வீட்டுக்காரர் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். கூடத்தில் செய்தித்தாளை விரித்து மோட்டாரைப் பிரித்துப் போட்டிருப்பார். அதைத் தாண்டித்தான் சோபாவுக்குப் போக வேண்டும். வீட்டில் பேசுவது அக்கா, தலையாட்டுவது அவர். இருவருக்கும் இது ஒத்துவந்துவிட்டது. ஒத்துவராதது பின்சந்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே வீட்டுக்காரரின் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், குடியிருக்கிறார். இரண்டு வீட்டின் பின்பக்கமும் ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கும். சந்தில் ஒரு வண்டி போகலாம். ஆனால் இந்த இரண்டு பெண்களின் பேச்சு மட்டும் பல வருஷமாக அந்தச் சந்தைக் கடந்ததில்லை.

காரணம் ஒரு கார்ப் பாடம். நாத்தனார் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு அண்ணியிடமே வந்தார். மூன்றாவது வகுப்பிலோ நான்காவதிலோ, பின்னால் மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்க, அக்கா வாயை விட்டுவிட்டார். "ஸ்டியரிங்கை ஏன் தொடப்பத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கறே?" பின் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். நாத்தனார் சிக்னலில் கதவைத் திறந்து இறங்கினார். கைப்பையை மாட்டிக்கொண்டு வீடு வரை நடந்தார். பிறகு வேறு பள்ளியில் சேர்ந்து முதல் தேர்விலேயே உரிமம் வாங்கினார். அந்தச் செய்தியைக்கூட அக்கா வீட்டுக்காரர் மூலமாகத்தான் தெரிந்துகொண்டார்.

நாத்தனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரிலேயே சுத்தமான கொல்லை அவருடையது. நடுவில் ஒரு அத்தி மரம். அது ஓயாமல் இலையையும் பழத்தையும் உதிர்க்கும், அவர் ஓயாமல் பெருக்குவார். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், நடுவில் காற்றடித்தால் இன்னொரு தரம். மரத்துக்கும் அவருக்கும் இடையே என்ன பகையோ என்று வீட்டுக்காரர் சொல்வார், தங்கை காதில் விழாதபடி.

அக்காவின் பெரிய ஆசை வேறு இடத்தில் இருந்தது. ஊரில் பறவை பார்ப்பவர்களின் குழு ஒன்று உண்டு. தலைவர் ஒரு பல் டாக்டர். அவர்கள் உயிரை விடுவது வழிதப்பி வரும் பறவைகளுக்காக. எங்கோ பனிக்காட்டில் பிறந்து, குளிருக்கு ஒரு திசையில் போக வேண்டியது, திசை புரண்டு நேர் எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்துவிடும். அப்படி ஒன்று எப்போதாவதுதான் கிடைக்கும். கிடைத்தால் ஒரே கூட்டம்தான். முக்காலியில் தொலைநோக்கியைப் பொருத்தி, எல்லாரும் வரிசையில் நின்று பார்ப்பார்கள். அந்த வரிசையில், பறவையைக் கண்டுபிடித்தவர் கடைசியில் நிற்பார். விருந்து கொடுக்கிற வீட்டுக்காரர் எல்லாரும் சாப்பிட்ட பிறகு உட்காருகிற மாதிரி. குழுவில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அக்கா எத்தனையோ வரிசையில் நின்றிருக்கிறார். முன்னால் நின்றிருக்கிறார், நடுவில் நின்றிருக்கிறார், கடைசியில் நின்றதே இல்லை.

ஒரு தடவை கிட்டத்தட்ட நின்றார். நூலகத்துக்குப் பின்னால் அரிய பூங்குருவி என்று அவர் சொன்ன சொல்லை நம்பி, கொட்டுகிற மழையில் குழு முழுவதும் வந்தது. வந்து பார்த்தால், அது இங்கே எங்கும் திரியும் சாதாரணக் கரிச்சான். பிறவியிலேயே சில இறகுகள் வெளுத்துப்போய், புதுப் பறவை மாதிரி ஏமாற்றியிருக்கிறது. இந்தத் தவறு பறவை பார்ப்பவர்கள் எல்லாருக்கும் நேர்வதுதான். ஆனால் அக்கா "நான் பார்த்தேன்னா பார்த்தேன்" என்று சொல்லி வரவழைத்திருந்தாரே. பல் டாக்டர் அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் குடை கொண்டு வர வேண்டுமா என்று கேட்பார்.

இப்படி இருக்கும்போதுதான் பேக்கரிக்கார அம்மாவுக்கு ரிவர்ஸ் கற்றுக்கொடுக்க அக்கா பின்சந்துக்கு வண்டியைக் கொண்டுபோனார். பாதிச் சந்தில் வண்டி குலுங்கி நின்றது. நாத்தனார் வீட்டுக் குட்டைச் சுவருக்கு அப்பால், அத்தி மரத்தடியில், துடைப்பத்துக்குத் தப்பிக் கிடந்த ஒரு கைப்பிடி இலையை ஏதோ புரட்டிக்கொண்டிருந்தது. கருஞ்சாம்பல் உடம்பு. கண்ணுக்கு மேலே, சுண்ணாம்பால் இழுத்த மாதிரி வெள்ளைப் புருவம். தலையைத் தூக்கி வண்டியைப் பார்த்தது, விருட்டென்று எழும்பியது. விரிந்த இறக்கையின் அடியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வெண்புருவப் பூங்குருவி. இந்தப் பக்கம் அது வர வேண்டிய வேலையே இல்லை.

படம் எடுக்கவில்லை. சாட்சி பேக்கரிக்கார அம்மா ஒருவர்தான். அவர் சொன்னதெல்லாம், கறுப்பாக ஏதோ ஒன்று போனது, நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள்தானே கண்ணாடியைப் பார்க்கச் சொன்னீர்கள் என்பதுதான். அக்கா குழுவுக்குச் செய்தி சொன்னார். பல் டாக்டர் கிண்டல் செய்யவில்லை, அதுதான் அக்காவை இன்னும் உறுத்தியது. மெதுவாக, பல் பிடுங்குவதற்கு முன்னால் பேசுகிற குரலில், இந்தப் பூங்குருவி இலைக்குப்பை இருக்கும் இடத்தில்தான் இரை தேடும், அங்கே சருகும் பழமும் கிடந்தால் திரும்பி வரும், நாமும் வந்து பார்க்கலாம் என்றார். பார்த்தால் ஒப்புக்கொள்வோம், பார்க்காவிட்டால் அக்கா சொன்னது அக்காவோடு.

சருகு வேண்டும். சருகு நாத்தனார் கொல்லையில் ஒரு வேளைக்கு மேல் தங்காது. அக்கா வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் ஒரு ஸ்குரூவை வாயில் கவ்விக்கொண்டு கேட்டார். பிறகு அதை எடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையை இடவலமாக ஆட்டினார்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இத்தனை வருஷமா தபால்காரன் வேலை பார்த்தாச்சு. இது நீயே போய்க் கேக்க வேண்டியது."

அக்கா போனார். எவ்வளவு நெரிசலிலும் வண்டியை நுழைத்துவிடுகிறவருக்கு, நாத்தனார் வீட்டு அழைப்பு மணியை அழுத்த மனம் வரவில்லை. மிதியடியில் காலைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். நாத்தனார் கதவைத் திறந்தபோது கையில் துடைப்பம். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கொஞ்ச நாளைக்கு நீ கொல்லையைப் பெருக்காம இருக்கணும்" என்றார் அக்கா, வணக்கம்கூடச் சொல்லாமல்.

நாத்தனார் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. "இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க. இப்பவும் தொடப்பத்தைப் பத்திதான் பேசணுமா அண்ணி?"

அந்த 'அண்ணி' அக்காவுக்கு எங்கேயோ போய்க் குத்தியது. அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். வாயில் வந்ததோ பறவைதான். கருஞ்சாம்பல், வெள்ளைப் புருவம், இறக்கைக்கு அடியில் பட்டை, அது வந்த தூரம், போக வேண்டிய திசை என்று மூச்சு விடாமல் கொட்டினார். நாத்தனார் துடைப்பத்தைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மாறியது.

"வெள்ளைப் புருவமா? மொறைச்சுக்கிட்டே நிக்குமே, அதுவா? மழை விட்டதிலிருந்து வருதே. நான் பெருக்கப் போனா சுவத்து மேல ஏறி நின்னு, எப்ப முடிப்பேன்னு பார்க்கும். மொறைப்பன்னு பேர்கூட வெச்சிருக்கேன்."

மழை விட்டு வெகுநாளாயிற்று. அக்கா வாசற்படியில் நின்றபடியே அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார், போட்டவரை போதும் என்று விட்டார். எப்படிப் போட்டாலும் அதை முதலில் பார்த்தவர் நாத்தனார்தான். பெருக்காமல் இருக்கிறேன், ஆனால் அந்தப் பக்கம் பார்க்கவும் மாட்டேன், பார்த்தால் கை சும்மா இருக்காது என்று நாத்தனார் சொன்னது அவர் காதில் பாதிதான் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் ஆவலாகக் கேட்டார், என்ன சொன்னாள் என்று. பெருக்க மாட்டாளாம் என்றார் அக்கா. வேறு ஏதாவது சொன்னாளா என்றார் அவர். வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, மோட்டாரைத் தாண்டிப் போய் அக்கா சோபாவில் உட்கார்ந்தார்.

பார்ப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு. பெயரே தெரியாமல் தினம் தினம் விரட்டியவர் எப்படிக் கண்டுபிடித்தவர் ஆவார்? நல்ல வாதம்தான். சங்கடம் என்னவென்றால், இதே வாதத்தைச் சில வருஷத்துக்கு முன்னால் பல் டாக்டர் சொன்னபோது அதைக் கிழித்துப் போட்டவர் சாட்சாத் பிரேக் அக்காதான். அன்றைக்கு எரிவாயு உருளை போடுகிறவர் ஒருவர், மாடிப்படியில் விநோதமாக ஒரு ஆந்தை உட்கார்ந்திருப்பதாகச் சொல்ல, அது பெரிய அபூர்வமாகப் போயிற்று. அந்த ஆள் பெயர் தெரிந்து சொல்லவில்லையே என்று டாக்டர் இழுத்தார். "கண்ணுல முதல்ல பட்டது யாருக்கு? அவருதான் கண்டுபிடிச்சவரு. பெயர் வைக்கறது நம்ம வேலை" என்று அக்கா போட்ட சத்தத்தில், உருளைக்காரர் மிரண்டுபோய் வரிசையின் கடைசியில் நின்றார். அக்காவே கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார். இப்போது சோபாவில் உட்கார்ந்து அதை நினைத்து, யாரும் கேட்காமலே, அது வேற விஷயம் என்று வாய்விட்டுச் சொன்னார். வீட்டுக்காரர் மோட்டாரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

நாத்தனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று சந்திலிருந்து பார்த்த அக்காவுக்குத் தெரியும். அத்தி இலைகள் விழுந்து, அதன்மேல் பழம் விழுந்து, கொல்லை முழுக்கக் குப்பை மேடு. நாத்தனார் சமையலறை ஜன்னலுக்குத் திரை போட்டார். கை பரபரப்புத் தாங்காமல் முன்வாசலைப் பெருக்கினார், பிறகு அடுத்த வீட்டு வாசலையும் சேர்த்துப் பெருக்கினார். அக்கா தினமும் ரிவர்ஸ் பாடத்தைச் சந்திலேயே நடத்தினார். பாடத்திட்டத்தில் முன்பக்கம் போவதே இல்லையா என்று பேக்கரிக்கார அம்மா கேட்டார். ஒரு காலையில் நாத்தனாரே சுவரோரம் வந்து, இன்றைக்கும் மொறைப்பன் வந்தான், விடிந்து வெகுநேரம் இருந்தான் என்று சொன்னார். சொல்லும்போது, தன் வீட்டுப் பிள்ளை நல்ல மார்க் வாங்கியதைச் சொல்கிற தோரணை. அக்கா அன்றே குழுவைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை நாத்தனார் வீட்டுச் சமையலறையில் நிற்க இடமில்லை. ஜன்னலுக்கு நேராக முக்காலி. அதன்மேல் பல் டாக்டரின் தொலைநோக்கி. வரிசை அடுப்பைச் சுற்றி, நடையைத் தாண்டி, முன்னறைக் கதவு வரை போயிற்று. உள்ளே வருகிறவர்களின் காலணியையெல்லாம் நாத்தனார் ஒரே நேர்க்கோட்டில் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கையில் குடை இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். திரையை நீக்கினார்கள். குப்பை அசையாமல் கிடந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

வந்தது. சுவர் மேல் முதலில் ஏறி நின்றது, வழக்கம் போல முறைத்தது. துடைப்பக்காரி வரவில்லை என்று நிச்சயமானதும் கீழே குதித்து, இரண்டு இலையைத் தூக்கி எறிந்து, புழுவை இழுத்தது. டாக்டர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "மேடம், இது அதுதான். சந்தேகமே இல்லை. அன்னிக்கு உங்களைப் பார்த்துச் சிரிச்சதுக்கு என்னை மன்னிச்சிடுங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். குடையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எத்தனை வருஷத்து ஆசை! யாரும் சொல்லாமலே நடந்து போய் வரிசையின் கடைசியில், முன்னறைக் கதவோரமாக நின்றார். கண்ணாடி நெற்றிமேல் பளபளத்தது. ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். "நான் பார்த்தேன்னா பார்த்தேன்" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார், ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் இறங்கிக்கொண்டே வந்தது. வரிசை குறைந்தது. நடையைத் தாண்டிச் சமையலறைக்குள் வந்தார். இன்னும் சிலர்தான் பாக்கி.

காலணி அடுக்கும் வேலை முடிந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நாத்தனார் உள்ளே வந்தார். தானும் ஒரு தரம் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாமா என்று கூச்சத்தோடு டாக்டரிடம் கேட்டார். உங்கள் வீட்டு ஜன்னலில் பார்க்க என்னிடம் எதற்கம்மா கேட்கிறீர்கள் என்று டாக்டர் சிரித்தார். நாத்தனார் அக்காவுக்குப் பின்னால் போய் நிற்கப் பார்த்தார். டாக்டர் தடுத்தார். "அங்கே நிக்கக் கூடாதும்மா. அது கண்டுபிடிச்சவங்க இடம். அவங்களுக்கு முன்னாடி வாங்க."

"அய்யோ, எனக்குத் தெரியாதே. மன்னிச்சுக்குங்க அண்ணி" என்று நாத்தனார் பதறிப்போய் முன்னால் வந்து நின்றார். வெளியே மொறைப்பன் ஒரு அத்திப்பழத்தைக் குடைந்துகொண்டிருந்தான்.

அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பார்த்து முடித்து ஒதுங்கினார்கள். டாக்டர் "வாங்கம்மா" என்று கூப்பிட, நாத்தனார் ஓர் எட்டு எடுத்து வைத்தார். அக்கா இரண்டு கையையும் நீட்டி நாத்தனாரின் தோளைப் பிடித்து நிறுத்தினார். அப்படியே அவரைப் பின்னுக்கு நகர்த்தி, தனக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு, தான் முன்னால் போய்த் தொலைநோக்கியில் குனிந்தார்.